மரத்தடியில் ஒரு நாள்: சிறு குழந்தைக்கு வெளி விளையாட்டு ஏன் வேண்டும்?



மருந்துச் செலவையும் வார்டுகளின் தேவைகளையும் பற்றி எழுதி வரும் இந்த மடலில் விளையாட்டுக்கு என்ன இடம் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். குழந்தைகள் பிரிவின் முன்னுள்ள வேப்பமரத்தடியில் மணல் கொட்டி, சுற்றிலும் வேலி போட்டபோது, "இது ஆஸ்பத்திரியா, பள்ளிக்கூடமா?" என்று எங்களையும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தை வெளியில் விளையாடுவதை நாம் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடுகிறோம். சோறும் தடுப்பூசியும் எப்படியோ, அப்படியே விளையாட்டும் அந்த வயதின் தேவைதான். அதற்குப் பெரிய பூங்கா வேண்டியதில்லை. நிழல், தீங்கில்லாத கொஞ்சம் தரை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். இவற்றில் மூன்றாவதுதான் இன்று கிடைப்பதற்கு அரிதாக இருக்கிறது.

எங்கள் பகுதியில் நிலைமை

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் விருத்தாசலம்–சேலம் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது வேப்பூர். கூட்டு ரோட்டில் இரவும் பகலும் வண்டிகள் ஓய்வதில்லை. ஊரைச் சுற்றிலும் மக்காச்சோளம், நிலக்கடலை, கரும்பு. விருத்தாசலம் பக்கம் போனால் முந்திரித் தோப்புகளும் பீங்கான் பட்டறைகளும். இந்த வேலைகளுக்குப் போகும் தாய்மார் விடியலில் புறப்பட்டால் மாலையில்தான் திரும்புகிறார்கள். நடக்கத் தொடங்கிய குழந்தை வீட்டில் ஆயாவிடம் இருக்கிறது. ஆயாவுக்கு முழங்கால் வலி. குழந்தையோ விட்டால் ரோட்டுக்கு ஓடுகிறது. எனவே இடுப்பை விட்டு இறக்குவதில்லை. இடுப்பு வலித்தால் கையில் செல்போனைக் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறார்கள். "என்ன பண்றது ஐயா, ரோட்டுல லாரி வருது, கெணறு தெறந்து கெடக்குது. போனு குடுத்தாத்தான் பாப்பா ஒரு இடத்துல ஒக்காருது" என்று ஒரு பாட்டியம்மா எங்களிடம் சொன்னார். அவர் மீது குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரிந்த வழியில் குழந்தையின் உயிரைக் காத்துவருகிறார்.

அரசாங்கம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அங்கன்வாடிகள் அதனால் வந்தவை. தமிழ்நாட்டில் 1980-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் எடையை மாதந்தோறும் பார்த்து, மெலிந்தவர்களுக்குச் சத்துணவு கொடுத்தது. இவற்றால் பிழைத்த பிள்ளைகள் ஏராளம். ஆனால் அங்கன்வாடியில் பாட்டும் விளையாட்டுமாக நடக்கும் முன்பருவக் கல்வி சற்றே பெரிய குழந்தைகளுக்கானது. அதற்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்கு வரும், விளையாட்டு வராது. இக்குறையை உணர்ந்தே மத்திய அரசு 2024-இல் பிறப்பு முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்காக 'நவ்சேத்னா' என்னும் வழிகாட்டியை வெளியிட்டது. அது வீடுவீடாகப் போய்ச் சேரும்வரை, நடைபழகும் குழந்தைக்கு வாசல்தான் பள்ளிக்கூடம்.

உணவோடு விளையாட்டும்

குழந்தையின் மூளை முதல் மூன்று ஆண்டுகளில் மிக வேகமாக வளர்கிறது. அந்த வளர்ச்சிக்கு உணவு வேண்டும். அதோடு தொடுவதும் பார்ப்பதும் கேட்பதும் விழுந்து எழுவதும் வேண்டும். மணலை அள்ளிக் கொட்டும் குழந்தை விரல்களை அடக்கி ஆளக் கற்கிறது. மேட்டில் ஏறி இறங்கும்போது கால்களும் இடுப்பும் உறுதிப்படுகின்றன. உடம்பை நிலைநிறுத்தும் பழக்கம் வருகிறது. "காக்கா எங்கே? அதோ காக்கா!" என்று அருகிலிருப்பவர் பேசும்போது சொல்லும் பொருளும் ஒன்றுசேர்கின்றன. செல்போன் படத்திலும் காக்கை பறக்கிறது. ஆனால் குழந்தை கை நீட்டியதும் படத்துக் காக்கை திடுக்கிட்டுப் பறப்பதில்லை. குழந்தை மழலையில் கேட்டால் பதில் சொல்வதும் இல்லை.

இதற்கு உறுதியான சான்று மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவிலிருந்து கிடைத்திருக்கிறது. 1986-87-இல் டாக்டர் சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்னும் அம்மையாரும் அவரது குழுவினரும் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் வளராத 129 குழந்தைகளைச் சேர்த்தார்கள். எல்லாரும் 9 மாதம் முதல் 24 மாத வயதுக்கு உட்பட்டவர்கள். சிலருக்குக் கூடுதல் பால் உணவு கொடுத்தார்கள். சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் சென்று, குழந்தையோடு எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன. சிலருக்கு இரண்டும் இல்லை. கடைப் பொம்மைகளை அவர்கள் பயன்படுத்தவில்லை. வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்தவையே போதுமாக இருந்தன. இரண்டு ஆண்டு முடிவில் உணவும் பயன் தந்திருந்தது, விளையாட்டும் பயன் தந்திருந்தது. இரண்டும் பெற்றவர்கள் மற்ற எல்லாரையும்விட முன்னேறியிருந்தார்கள். அக்குழந்தைகள் 22 வயதானபோது மறுபடியும் தேடிப்பிடித்து விசாரித்தார்கள். அந்த விளையாட்டைப் பெற்றவர்களின் சம்பாத்தியம் பெறாதவர்களைவிட 25 விழுக்காடு அதிகமாக இருந்ததாக 2014-இல் வெளியான முடிவு கூறுகிறது. வாரம் ஒரு மணி நேர விளையாட்டின் பலன் இருபது ஆண்டு கழித்தும் நின்றது.

மருத்துவமனைக்கும் இதில் பங்குண்டு. கடுமையான ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளை உள்நோயாளியாக வைத்துக் குணப்படுத்துவதற்கு உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி பத்துப் படிகளைச் சொல்கிறது. உடம்பில் சர்க்கரையும் சூடும் குறையாமல் பார்ப்பது முதல் படிகள். ஒன்பதாவது படி அன்பான கவனிப்பும் விளையாட்டும். தினமும் 15 முதல் 30 நிமிடம் குழந்தையோடு முறையாக விளையாட வேண்டும். உடம்பு தேறியதும் ஓடியாட விட வேண்டும். தாயையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அது கூறுகிறது. நம் நாட்டு ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களுக்காக 2011-இல் வந்த அரசு நெறிமுறைகளிலும் விளையாட ஓர் இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறது.

வார்டில் நாங்கள் இதைக் கண்ணாரக் காண்கிறோம். எலும்பும் தோலுமாக வரும் குழந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு நாளில் எடை ஏறத் தொடங்கும். ஆனால் முகத்தில் அசைவிருக்காது. தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருக்கும். செவிலியர் அதை மரத்தடிக்குத் தூக்கிச் சென்று, காலி டப்பாவில் நாலு கூழாங்கல்லைப் போட்டு மூடி குலுக்கிக் காட்டுவார். முதல் நாள் ஒன்றும் நடக்காது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒரு சிறு கை டப்பாவை நோக்கி நீளும். எடை அட்டையைவிட அந்தக் கையைப் பார்த்தே தாய் ஆறுதல் அடைகிறாள்.

ஒரு நாள் எப்படி அமையலாம்?

ஒன்று, இரண்டு வயதுக் குழந்தை ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டி. மூன்று மணி நேரமா என்று மலைக்க வேண்டாம். அது ஒரே மூச்சில் அல்ல. நடப்பது, ஏறுவது, குனிந்து பொறுக்குவது எல்லாம் சேர்த்து நாள் முழுவதும் சிறிது சிறிதாக வருவது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து குழந்தையை இடுப்பிலோ நாற்காலியிலோ கட்டி வைக்கலாகாது என்றும், ஒரு வயதில் திரையே கூடாது, இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் அது சொல்கிறது. பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்கவும் வேண்டும்.

காலையில் வெயில் ஏறுமுன், ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் வெளியே கொண்டுவருவது நல்லது. வயிற்றுக்குக் கொஞ்சம் கூழோ இட்லியோ கொடுத்துவிட்டு நடக்க விடுங்கள். இங்கே பெரியவர்கள் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் சில ஆண்டு கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். அவர் குழந்தைகளை உற்றுப் பார்த்துச் சொன்ன செய்தி இது: பெரியவர் ஓரிடத்தைச் சென்றடைய நடக்கிறார், சிறு குழந்தை நடப்பதற்காகவே நடக்கிறது. ஆகவே அது எறும்பைக் கண்டால் நிற்கும், சருகைக் கண்டால் உட்காரும், வந்த வழியே திரும்பும். கையைப் பிடித்து இழுக்காமல் அதன் நடைக்கு நாம் ஈடுகொடுத்தால், வாசலிலிருந்து மரத்தடிக்குப் போகவே கால் மணி நேரம் ஆகும். அதுவே விளையாட்டுத்தான்.

மரத்தடியில் சலித்த மணல், ஒரு சிரட்டை, ஒரு தகர டப்பா, கொஞ்சம் தண்ணீர் இருந்தால் குழந்தை அரை மணி நேரம் ஈடுபட்டிருக்கும். பெரிய பந்து ஒன்றை உருட்டிவிடலாம். ஓலையில் காற்றாடி செய்து கொடுக்கலாம். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளும் அகல் விளக்குகளும் பெயர் பெற்றவை. ஆனால் இரண்டு வயதுக்காரருக்குப் பீங்கான் பொம்மை அலமாரியில் இருப்பதே நல்லது. உடைந்தால் சில்லு கையைக் கிழிக்கும். இந்த வயதுக்கு அலுமினியக் கிண்ணமும் மரக்கரண்டியும் போதும்.

பத்து மணிக்கு மேல் நான்கு மணி வரை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் இந்தக் கட்டுப்பாடு மிக அவசியம். சிறு குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறும். தாகத்தைச் சொல்லவும் அதற்குத் தெரியாது. விளையாட்டின் நடுவே நாமே அடிக்கடி தண்ணீர் கொடுக்க வேண்டும். பூங்காவுக்குப் போனால் இரும்புச் சறுக்குமரத்தை முதலில் நம் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தையை ஏற்றுங்கள்.

மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடும் நேரம். இந்த வயதுக் குழந்தைகள் சேர்ந்து விளையாட மாட்டார்கள்; பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவார்கள். ஒருவன் டப்பாவை மற்றவன் பிடுங்குவான். அடிக்க வேண்டாம், அதட்டவும் வேண்டாம். இன்னொரு டப்பாவை நீட்டினால் போதும். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவி, சோறு ஊட்டினால், ஊட்டுவதற்குப் போனும் வேண்டியதில்லை, உறங்குவதற்குப் போராட்டமும் இல்லை.

கண் எடுக்கக் கூடாதவை

பாட்டியம்மா சொன்ன பயத்தில் உண்மை இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

முதலாவது தண்ணீர். ஒரு வாளியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால்கூடத் தலைகுப்புற விழுந்த குழந்தை எழ முடியாமல் மூழ்கிவிடும், சத்தமும் வராது. வங்காள தேசத்துக் கிராமங்களில் தாய்மார் வேலையாக இருக்கும் காலை நேரத்தில்தான் குழந்தைகள் குளங்களில் மூழ்கினார்கள். அங்கே காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஊர்ப் பெண்களைக் கொண்டு காப்பகங்கள் அமைத்தார்கள். 'ஆஞ்சல்' என்று பெயர். முந்தானை என்று பொருள். அங்கு வந்த குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது பெருமளவு குறைந்துவிட்டது. மருந்தும் கருவியும் இல்லாமல், ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டதால் கிடைத்த பலன் இது.

இரண்டாவது ஆழ்குழாய்க் கிணறு. 2019 அக்டோபர் 25-ஆம் நாள் மாலை, திருச்சி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், வீட்டருகே விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்குழாய்க் கிணற்றில் விழுந்ததையும், 29-ஆம் நாள் உயிரற்ற உடலே மீட்கப்பட்டதையும் தமிழ்நாடு மறந்திருக்காது. பயன்படாத குழாய்க் கிணற்றைத் தரைமட்டம் வரை மூடிவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே கட்டளையிட்டிருந்தது. உங்கள் நிலத்தில் அப்படி ஒரு குழி இருந்தால், இந்த மடலைக் கீழே வைத்துவிட்டு அதை மூட ஏற்பாடு செய்யுங்கள்.

மூன்றாவது வாய்க்குள் போகும் பொருள்கள். நிலக்கடலை விளையும் எங்கள் பகுதியில் களத்திலும் வாசலிலும் கடலை சிதறிக் கிடக்கும். கடைவாய்ப் பல் முழுதும் முளைக்காத குழந்தை அதை அரைக்காமல் விழுங்கும்; சிரிக்கும்போதோ ஓடும்போதோ மூச்சுக்குழாயில் போய்விடும். இருமல் நின்றதும் ஆபத்து நீங்கியதாக எண்ணிவிடுகிறார்கள். கடலைப் பருப்பு நுரையீரல் குழாயில் தங்கி, நாட்கணக்கில் இளைப்பும் காய்ச்சலும் தரும். திடீரென்று புரையேறிய பிறகு வந்த இளைப்பு என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மூச்சே விட முடியாமல் திணறினால், குழந்தையை முன்பக்கம் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டிக்கொண்டே ஆள் கூப்பிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட வேண்டாம். சாலையோரத்து அரளியும் பொன்னரளியும், பார்க்க அழகான குன்றிமணியும் நஞ்சு என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காவது மண்ணும் நாயும். மணலில் விளையாடினால் பூச்சி வருமே என்பார்கள். மலம் கலந்த மண்ணால்தான் பூச்சி வருகிறது. விளையாடும் இடத்தைச் சுத்தமாக வைத்து, செருப்புப் போட்டு, கை கழுவினால் பெரும்பாலும் தப்பலாம். 2015 முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க முகாம்களில் ஒரு வயது முதலே மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பாதி மாத்திரை, பொடித்துக் கொடுக்க வேண்டும். குழந்தை மண்ணையே விரும்பித் தின்றால் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பாருங்கள். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை உள்ளது. நாய் கடித்தாலோ கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்கு வர வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்டலாகாது.

இத்தனை ஆபத்துகளா என்று குழந்தையை மறுபடியும் வீட்டுக்குள் அடைத்துவிடாதீர்கள். இவை எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றே: கை நீட்டினால் தொடும் தூரத்தில், வேறு வேலை இல்லாத ஒரு பெரியவர்.

பெரியவர்களும் வேண்டும்

சகரியா தீர்க்கதரிசி சீர்பெற்ற எருசலேமைத் தம் புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தில் வருணிக்கும்போது, கோலூன்றிய முதியவர்கள் வீதியில் அமர்ந்திருப்பதையும், அவ்வீதிகளில் பிள்ளைகள் நிறைந்து விளையாடுவதையும் அடுத்தடுத்துக் காட்டுகிறார். வயோதிகர் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று அவர் பிரிக்கவில்லை. நம் கிராமத்துத் திண்ணையும் ஆலமரத்தடியும் அப்படித்தான் இருந்தன.

வேப்பூரைச் சுற்றியுள்ள எந்த ஊரிலும் இதைத் திரும்பச் செய்யலாம். நாலைந்து வீட்டார் சேர்ந்து, ரோட்டுக்கும் கிணற்றுக்கும் எட்டாத ஒரு மரத்தடியைத் தேர்ந்து, மூங்கில் படலால் வேலி கட்டி, நல்ல மணல் கொட்டினால் போதும். ஒரு நாள் ஓர் ஆயா, மறுநாள் ஒரு தாத்தா என்று முறை வைத்துக்கொண்டால் யாருடைய முழங்காலுக்கும் பாரமில்லை. குழந்தையின் பின்னால் ஓட வேண்டிய வேலையை வேலி பார்த்துக்கொள்ளும்.

எங்கள் வார்டு முன்னுள்ள மரத்தடிக்கும் ஆள் தேவைப்படுகிறது. செவிலியர்களுக்கு நேரம் போதவில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர்கள், வாரத்தில் ஒரு காலை ஒரு மணி நேரம் வந்து உட்கார முடியுமானால் எங்களுக்கு அறிவியுங்கள். புதுப் பொம்மைகள் வாங்கிவர வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவிக் கொண்டுவாருங்கள். மிட்டாயும் நிலக்கடலையும் தயவுசெய்து வீட்டிலேயே இருக்கட்டும். செல்போனையும் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.